வாசல் ஜெபம்

"அடுத்த புதன் எங்க வீட்ல வச்சுக்கலாம்."

கையில் கரண்டியோடு சமையலறைக் கதவில் வந்து நின்று தையல்காரி இதைச் சொன்னாள். கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக் கூடத்தில் ஜெபக்கூட்டம் முடிந்து பாட்டுப் புத்தகங்களை மூடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். கரண்டியிலிருந்து சூப் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. வீட்டுக்காரி அதைப் பார்த்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

சபைச் செயலாளர் தொண்டையைக் கனைத்தார். அடுத்த கூட்டம் தன் வீட்டில் என்று அவர் அப்போதுதான் அறிவித்திருந்தார்.

"அடுத்தது நம்ம வீடும்மா. இப்பதானே சொன்னேன்."

"கேட்டுச்சுண்ணே. அதான் வந்தேன். இந்த வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு வீடு இருக்கே."

இருந்தது. இரண்டே அறை, பச்சைக் கதவு, ஜன்னலோரம் ஒரு தையல் இயந்திரம். அது அவளுடைய வீடு. புதன்கிழமைக் கூட்டம் தெருவில் வரிசை தவறாமல் வீடு வீடாகப் போகும். அவள் புருஷன் இருந்தவரை அந்தப் பச்சைக் கதவுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. அவன் இறந்த பிறகு வந்த முறையில், "பாவம், துக்க வீடு" என்று தாண்டிப் போனார்கள். அடுத்த முறை, "பாவம், அவளுக்கு எதுக்குச் சிரமம்" என்று தாண்டினார்கள். அதற்கடுத்த முறை காரணம் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கருணை என்று பெயர் வைத்துவிட்டால் ஒருத்தியின் முறையை அவள் கண்ணெதிரிலேயே எடுத்துக்கொண்டு போய்விடலாம், அவள் நன்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் மற்ற எல்லா வீட்டிலும் புதன்கிழமை மதியமே அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவள் கைப்பக்குவம் அப்படி. வெங்காயம் உரிப்பதிலிருந்து கடைசித் தட்டைக் கழுவி வைப்பது வரை அவள் பாடு. சம்பளம் என்ற பேச்சே கிடையாது, அதற்கு ஊழியம் என்று அழகாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். போன முறை செயலாளர் வீட்டில் சாப்பிட்ட போதகர், விருந்தோம்பலுக்கு உதாரணமாகச் செயலாளர் மனைவியைப் பிரசங்கத்திலேயே பாராட்டினார். அன்றைக்கு அந்த அம்மாள் அடுப்புப் பக்கம் போனது, உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான்.

இன்றைக்கும் பிரசங்கம் விருந்தோம்பலைப் பற்றித்தான். தையல்காரி அதில் பாதியைக் கேட்டாள். மீதிப் பாதியை எண்ணெய்ச் சட்டி கேட்கவிடவில்லை. கேட்ட பாதியே அவளைக் கரண்டியோடு கிளப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தது.

"உன் சிரமத்த நெனச்சுத்தாம்மா விட்டோம்" என்றார் செயலாளர்.

"எனக்கென்னண்ணே சிரமம்? வாராவாரம் யார் வீட்லயாவது சமைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க வீட்ல சமைச்சா நடக்கிற நடையாவது மிச்சம்."

யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரித்தவர் யாரென்று தேடினார், கிடைக்கவில்லை.

"அதில்லம்மா. வாசல் ஜெபம்னு ஒண்ணு இருக்குல்ல? வீட்டுத் தலைவர் வாசல்ல நின்னு ஜெபம் பண்ணி, உள்ள வாங்கன்னு கூப்பிட்டாத்தான் கூட்டம் உள்ள வரும். உங்க வீட்ல யார் பண்ணுவா?"

இதுதான் விஷயம். சிரமம், கருணை எல்லாம் மேலே போர்த்தியிருந்த போர்வை. வாசல் ஜெபத்தை யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டு ஆண் வாசலில் நின்று ஜெபிப்பான், விருந்தாளிகள் தெருவில் நின்று ஆமென் சொல்லிவிட்டு உள்ளே நுழைவார்கள். செயலாளர் வீட்டில் அது மிக நீளம். உலக சமாதானத்தில் ஆரம்பித்து, தெருவிளக்கு வரைக்கும் வந்து, மறுபடி உலக சமாதானத்துக்கே போவார். வெளியே நிற்பவர்கள் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர்தான், சண்டை என்றால் மட்டும் கொஞ்சம் பயம். "வாசல் ஜெபம்னு வேதத்துல எங்கயும்..." என்று ஆரம்பித்தார். செயலாளர் திரும்பிப் பார்த்தார். போதகர் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார்.

செயலாளரின் மனைவிதான் வழி சொன்னாள். "உன் கொழுந்தன் இருக்காருல்ல, லாரி ஓட்டுறவரு? அவர வரச் சொல்லு. அவர் சொல்லட்டும்."

தையல்காரி ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஆம்பளதான் வேணும்னா கூப்பிட்டுப் பாக்குறேன்க்கா" என்றாள். உள்ளே போய் சூப்பைக் கிளறினாள். அவள் முகம் சிவந்திருந்தது, ஆனால் வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

கொழுந்தனுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது அவன் அலறிவிட்டான். "அண்ணி, எனக்குத் தெரிஞ்ச ஜெபம் ஒண்ணே ஒண்ணுதான். பிரேக் புடிக்கணும் ஆண்டவரே, அவ்வளவுதான்."

"அதையே சொல்லு. நேரத்துக்கு வந்து நில்லு, போதும்."

"வாசல்ல நிக்கிறதுக்கு நான் எதுக்கு அண்ணி? நீங்கதான் அந்த வீட்ல இருக்கீங்க."

"அத அவங்ககிட்ட யாரு சொல்றது? வா நீ. கோழி சுடுறேன்."

கோழி என்றதும் கொழுந்தன் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்த ஒரு வாரமும் அவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தாள். தைக்க வந்திருந்த துணியையெல்லாம் அலமாரிக்குள் திணித்தாள், இயந்திரத்தைச் சுவரோரம் தள்ளினாள். மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு ஜன்னலுக்குத் திரை தைத்தாள். நாற்காலிகள் அக்கம்பக்கத்தில் இரவல். ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று உட்கார்ந்தால் முனகும்.

இத்தனைக்கும் காரணம் வீம்பு மட்டுமல்ல. புருஷன் போனதிலிருந்து அவள் வீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை. வருகிறவர்கள் அளவு கொடுக்க வருவார்கள், கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், "வெள்ளிக்கிழமை கெடச்சிருமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சாப்பிட உட்காரும்போது அவள் இன்னும் பழைய வழக்கப்படி, "ஆண்டவரே, எங்களுக்குத் தந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்றுதான் சொல்வாள். சொன்னபிறகு எதிரே பார்ப்பாள், காலி நாற்காலி இருக்கும். ஒரு நாளாவது அந்த 'எங்களுக்கு' பொய்யாகாமல் இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தைக்கும்போது ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறாள்.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாம் தயார். சூப் கொதித்தது, கோழி சிவந்தது, துணி போர்த்திய கூடையில் ரொட்டி சூடாக இருந்தது. கூட்டமும் நேரத்துக்கு வந்து பச்சைக் கதவுக்கு எதிரே தெருவில் நின்றது. வர வேண்டிய தலைவரைத்தான் காணோம்.

தொலைபேசி அடித்தது. "அண்ணி, ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டேன். முன்னால பன்னிரண்டு வண்டி நிக்குது. கோழி இருக்கா?"

அவள் வாசலுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தையும் பார்த்தார். வானம் அவர் பார்ப்பதற்காகவே காத்திருந்ததுபோல் தூறலை ஆரம்பித்தது.

"உள்ள வாங்க எல்லாரும்" என்றாள்.

யாரும் அசையவில்லை. திறந்த கதவு, உள்ளே வெளிச்சம், கோழி வாசனை தெரு முழுக்க. இருந்தும் பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும் மழையில் நின்றார்கள். உள்ளே கூப்பிடுவது பெண்குரலாக இருந்ததால் அது கூப்பிட்டதாகவே கணக்கில்லை. வழக்கத்துக்கு மண்டையில் ஒரு துளி விழுவதில்லை, விழுவதெல்லாம் அதைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் மேல்தான். கண்ணாடிக்கடைக்காரரின் கண்ணாடியே நனைந்து, அவர் எதிரே இருப்பது கதவா சுவரா என்று கண்ணைச் சுருக்கினார்.

"தம்பி வர்றவரைக்கும் நிப்போம்" என்றார் செயலாளர். மழை வலுத்தது. "இல்ல, வேணும்னா அவருக்குப் பதிலா நானே சொல்லிடுறேன்."

கூட்டத்திலிருந்து மெல்ல ஒரு முனகல் எழுந்தது. அவர் ஆரம்பித்தால் உலகம் முழுக்கச் சுற்றி வருவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நீங்க எப்படிண்ணே சொல்வீங்க?" என்றாள் தையல்காரி. "நீங்க விருந்தாளி. விருந்தாளிய வீட்டுக்காரங்கதானே கூப்பிடணும்?"

"அதான் வீட்டுக்காரர் இல்லையேம்மா."

"வீட்டுக்காரி இருக்கேன்ல."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவள் விரல்கள் நிலைக்கதவை இறுக்கிப் பிடித்திருந்தன. இவர்கள் திரும்பிப் போய்விட்டால் இனி இந்தத் தெருவில் யாரும் இந்த வாசலில் வந்து நிற்கக்கூட மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். செயலாளரின் மனைவிக்கும் அது புரிந்தது போலிருந்தது. அவள் குடையைச் சற்றுத் தாழ்த்தி, தையல்காரியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் நனையிறீங்க" என்றாள் தையல்காரி. "கண்ண மூடுங்க."

போதகர் முதலில் மூடினார். ஜெபம் என்றால் கண்ணை மூடிப் பழகியவர்கள், மற்றவர்களும் மூடிவிட்டார்கள். செயலாளர் கடைசியாக மூடினார்.

"ஆண்டவரே, என் வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்க. ரொம்ப நாளா உங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன், ரொம்ப சந்தோஷம். நீங்களும் கூடவே வாங்க. ரொட்டி ஆறிடும். ஆமென்."

"ஆமென்" என்றது தெரு. வாசல் ஜெபத்துக்கு அப்படியொரு ஆமென் அதுவரை விழுந்ததே இல்லை. சொன்ன வாய் மூடுவதற்குள் முதல் செருப்பு கழன்றுவிட்டது. போதகர் முதலில் நுழைந்தார். செயலாளரின் மனைவி குடையை மடக்கக்கூட நிற்காமல் பின்னாலேயே போனாள்.

செயலாளர் மட்டும் தெருவில் கண்ணை மூடியபடி நின்றார். இன்னும் உலக சமாதானமே வரவில்லை, அதற்குள் ஜெபம் முடிந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது சுற்றிலும் ஒருவரும் இல்லை, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்கண்ணே" என்றாள் அவள், துண்டை நீட்டி. "உங்களத்தான்."

அவர் துண்டை வாங்கினார். உள்ளேயும் வந்தார்.

அன்று கூட்டம் நன்றாக நடந்தது. பாடும்போது முனகுகிற நாற்காலியும் சேர்ந்து பாடியது. தையல்காரி முதல்முறையாக ஒரு பிரசங்கத்தை முழுசாகக் கேட்டாள், கோழிக்குத் தீயைக் குறைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளாகத் தான் தவறவிட்ட பாதிகளில் பெரிதாக ஒன்றும் போய்விடவில்லை என்றும் அவளுக்குத் தோன்றியது, ஆனால் அதைப் போதகரிடம் சொல்லவில்லை. பிறகு தட்டுகள் வந்தன. ரொட்டியைப் பிய்க்கிற சத்தம், கரண்டிச் சத்தம், "இன்னொரு துண்டு வைங்க" என்கிற சத்தம் எல்லாம் அந்த இரண்டு அறையையும் நிறைத்தன. அவள் சாப்பாட்டுக்கு முன் 'எங்களுக்கு' என்று சொல்லிவிட்டு எதிரே பார்த்தாள், காலி நாற்காலி ஒன்றும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் கோழியைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிச் சாப்பாட்டில் கொழுந்தன் சொட்டச்சொட்ட நனைந்து வந்து சேர்ந்தான். தட்டை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தான். இரண்டு வாய் வைத்திருப்பான், செயலாளர் நன்றி சொல்ல எழுந்துவிட்டார்.

"இந்த வீட்டத் திறந்து நம்மளையெல்லாம் வரவேற்ற தம்பிக்கு, சபை சார்பா..."

கொழுந்தன் மெல்லுவதை நிறுத்தினான். வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான். தம்பி என்பது தான்தான் என்று தெரிந்தபோது வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினான்.

"அண்ணே, நான் வர்றப்பவே கதவு திறந்துதான் இருந்துச்சு" என்றான். "நீங்கல்லாம் பாதி சாப்பிட்டு முடிச்சிருந்தீங்க."

போதகருக்குச் சிரிப்பில் புரையேறி, கண்ணாடிக்கடைக்காரர் அவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. செயலாளரும், சிரிக்காமல் நிற்பது இன்னும் மோசம் என்று தெரிந்து, சிரித்துவைத்தார். ஆனால் சொன்ன நன்றியைத் திருத்திச் சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்து ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

தையல்காரி அதைப் பார்த்தாள். அவருக்கு இன்னொரு துண்டு கோழி வைத்தாள்.

மழை விட்டபிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். செயலாளரின் மனைவி கடைசியில் நின்றாள். வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டே, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"நல்லா நடந்துச்சும்மா. அடுத்த புதன் நம்ம வீடு. வந்துருவல்ல?"

"வராம இருப்பனாக்கா? கூட்டம் ஆறரைக்குத்தானே? டாண்ணு வாசல்ல நிப்பேன்."

ஒற்றைச் செருப்போடு அந்த அம்மாள் நின்றுவிட்டாள். வழக்கமாக மதியம் இரண்டு மணிக்கே சமைக்கக் கொல்லைக் கதவு வழியாக வருகிறவள் தையல்காரி. தையல்காரியின் முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. விருந்துக்கு அழைக்கப்பட்ட ஒருத்தியின் சந்தோஷம்தான் இருந்தது. அந்த அம்மாள் அவள் விரல்களைப் பார்த்தாள், பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

"ஆமா, ஆறரைக்குத்தான்" என்றாள் மெதுவாக. "நேரத்துக்கு வந்துரு. உனக்கு முன்வரிசையில இடம் போட்டு வைக்கிறேன்."

தெருவில் குடையோடு காத்திருந்த கணவனிடம் போனாள்.

"என்னங்க, உங்களுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியுமா?"

"எனக்கா? தெரியாதே. எதுக்கு?"

"ஒரு வாரம் இருக்கு" என்றாள் அவள்.