ஏழாவது விமானத்துக்கு நல்ல நேரம்

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்ததற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். கடல் கடந்து இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கராசுநுமா நகர அலுவலகத்தின் பூங்காப் பிரிவில் பணிபுரிபவள் நான். உண்ட வீட்டைக் குறைகூறுவது முறையன்று என்பதை அறிவேன். ஆயினும் அன்று நடந்ததை வேறு எவரும் எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் எந்தக் கேடும் நன்றியுரையோடு இனிதே நிறைவடைந்துவிடும்.

ஏரிக்கரைப் பூங்காவில் கடற்படையின் மிதவை விமானம் ஒன்று நின்றது. போர்க்காலத்தில் அந்த ரகத்தில் ஏழு மட்டுமே கட்டினார்களாம். நாடு சரணடைந்தபின் ஆறு எரிக்கப்பட்டன. ஏழாவது எங்கள் ஏரியில் மூழ்கியதால் பிழைத்தது. குளிர்ந்த நன்னீர் அதை அரை நூற்றாண்டு காப்பாற்றியது. எங்கள் நகரம் அதை வெளியே எடுத்து, வெகு விரைவில் கெடுத்தது. கூரை போட நிதியில்லை. குளிர்காலந்தோறும் இறக்கைகளில் ஏறிய பனியை வாரி இறக்கியவர், எதிரே நூடுல்ஸ் கடை நடத்தும் ஃபுமியே-சான் ஒருவரே.

இவ்வாண்டு ஓர் இறக்கை தொய்ந்தது. விழுந்தால் யார் பொறுப்பு என்று நகரப் பூங்காக் குழு வினவியது. பொறுப்பேற்க ஆளில்லாத பொருளை உடைப்பதே எங்கள் வழக்கம். உடைக்குமுன் துறவியை அழைத்து இறுதிச் சடங்கு செய்வதென்றும் முடிவாயிற்று. ஒடிந்த ஊசிக்கும் பழைய பொம்மைக்கும் செய்கிறோமே! கூரைக்குக் கிடைக்காத நிதி, கறுப்பு வெள்ளைத் துக்கத் திரைக்கும் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கும் கிடைத்தது.

வியாழன் பிற்பகல் சடங்கு. திங்களன்று ஃபுமியே-சான் எங்கள் பிரிவுத் தலைவர் ஹொசுமி முன் வந்து நின்றார். ஹொசுமி அவருடைய தம்பியோடு படித்தவர்.

"தம்பி, வெளியூர் மியூசியம் ஒண்ணு விமானத்த எடுத்துக்கறேன்னு சொல்லிடுச்சு. வெள்ளிக்கிழமை லாரி வருது. ஒரே ஒரு நாள் தள்ளி வை."

ஹொசுமி நாட்காட்டியைப் பார்த்து முகம் வாடினார். "அக்கா, வெள்ளிக்கிழமை தொமோபிகி. அன்னிக்குச் சுடுகாடே லீவு. எப்படிக் காரியம் பண்றது?"

சனிப்பிணம் தனியாகப் போகாது என்று நம் பக்கத்தில் சொல்வதைத்தான் இவர்கள் தொமோபிகி என்கிறார்கள்: அன்று இறுதிச் சடங்கு செய்தால், போகிறவர் நண்பரையும் இழுத்துக்கொண்டு போவாராம்.

"ஏழுல ஆறை எரிச்சாச்சு. இது எந்தக் கூட்டாளிய இழுக்கப் போகுது? வாசல்ல நிக்கிற உன் ஆபீஸ் வேனையா?"

"மக்கள் தப்பா நினைப்பாங்கக்கா."

"எந்த மக்கள்? ஒரு பேர் சொல்லு."

அவர் நாட்காட்டியில் வெள்ளிக்கிழமையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அவ்வளவு பயம்னா ஒரு பொம்மையத் துணைக்கு வச்சிடு."

"அது மேற்குப் பக்கத்து வழக்கம்க்கா. நமக்கு இல்ல."

"எடுத்து வச்சுப் பாத்துக்கறேங்கறான் ஒருத்தன். உசுரோட இருக்கறதுக்கு ஏன்டா கருமாதி?"

"அழைப்பிதழ் போயிடுச்சே!"

ஃபுமியே-சான் அங்கிருந்தே அருங்காட்சியகத்தாரிடம் தொலைபேசியில் மன்றாடினார். லாரி வியாழன் நண்பகலுக்குள் வந்துவிடும் என்று பதில் கிடைத்தது. சடங்குக்கு முன்பே விமானம் அதில் ஏறிவிடும். ஹொசுமி "ரொம்ப சந்தோஷம்க்கா, ரொம்ப சந்தோஷம்" என்று இடுப்பு வளையக் குனிந்தார். அந்தச் சந்தோஷம் பொய்யன்று; எவர் வந்து எதைச் சொன்னாலும் அவருக்குச் சந்தோஷமே.

புதன் மாலை அவர் நாட்காட்டியை மீண்டும் நோக்கினார். வியாழன் முற்பகல் நல்ல நேரம், பிற்பகல் ஆகாத நேரம். இத்தனை பெரியவர்கள் கூடியும் எவரும் கவனிக்கவில்லை! உடனே சடங்கைக் காலைக்கு மாற்றினார். அழைக்கப்பட்ட அனைவரிடமும் தாமே பேசி மன்னிப்புக் கோரினார். ஃபுமியே-சான் அழைக்கப்பட்டவர் அல்லர். அழைக்காதவருக்கு நேரமாற்றத்தைத் தெரிவித்தால் அதுவே அழைப்பாகிவிடாதா? லாரி வருவதை நான் நினைவூட்டினேன். "வரட்டுமே, அவங்களையும் காக்க வைக்க வேணாம் பாருங்க" என்றார்.

லாரிக்கு வழிகாட்ட ஃபுமியே-சான் விடியலிலேயே கணவாய்க்குப் போய்விட்டார். இங்கே துறவி ஓதினார். மேயர், வெயிலிலும் பனியிலும் நிறுத்தியமைக்காக விமானத்திடம் உளமார மன்னிப்புக் கேட்டார். அனைவரும் வணங்கினோம். பிறகு உடைக்கும் எந்திரத்தின் இரும்புத் தாடை விமானத்தின் கழுத்தைக் கவ்வியது. ஏரி விட்டுவைத்த தகடு, காய்ந்த அப்பளம்போல் நொறுங்கியது.

துடைப்பம் ஓடிக்கொண்டிருந்தபோது லாரி வந்தது. இறங்கிய ஃபுமியே-சான் வெறும் பீடத்தையே பார்த்து நின்றார். ஹொசுமி ஓடோடிச் சென்று குனிந்தார்.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க! எல்லாத்தையும் அளவா வெட்டி, கட்டி வச்சிருக்கோம். ஏத்த சுலபமா இருக்கும்."

"ஏன்டா?" என்றார் ஃபுமியே-சான்.

"மத்தியானம் ஆகாத நேரம்க்கா."

"கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா யாருக்குடா என்ன ஆயிருக்கும்?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே! அதுக்குத்தானே காலையிலயே முடிச்சோம்."

ஃபுமியே-சான் சாலையைக் கடந்து, கடைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். அருங்காட்சியகத்தார் தொப்பியைக் கழற்றி அந்தக் கட்டுகளை வணங்கினார்கள்; ஏற்றவில்லை. மிகுந்திருந்த சாப்பாட்டுப் பெட்டிகளைத் தந்து அவர்களை முறைப்படி வழியனுப்பினோம்.

அலுவலக அறிக்கை "பழுதுற்ற கட்டமைப்பு அகற்றப்பட்டது" என்று முடிகிறது. அதில் விடுபட்டதைப் பணிவுடன் சேர்க்கிறேன். உடற்பகுதி ஒன்று. இறக்கைகள் இரண்டு. மிதவைகள் இரண்டு. எந்திரம் ஒன்று. மூவர் அமர்ந்த இருக்கைகள் மூன்று. அந்த ரகத்தில் உலகில் எஞ்சியிருப்பது, ஒன்றுமில்லை.