மருந்து கொடுத்தவர்: தினகரன்

சடையப்பன் செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியும் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சிரித்துக்கொண்டுதான் இருந்தான். தினகரனின் மூலிகைக் கடை வாசலில் ஆளுயர பேனர். 'கல்லீரல் புற்றுநோயை வென்றவர், மானாம்பதி சடையப்பன். கீழாநெல்லிச் சாறு. கல்லூரி ஆய்வில் நிரூபணம்.'

அந்தக் கீழாநெல்லியைப் பறித்தது அவன் பெண்டாட்டி கோவிந்தம்மாள். களையெடுக்கப் போகிற வரப்பிலேயே பிடுங்கி, தினகரன் கடைக்கும் கல்லூரி டீச்சர் இந்துவுக்கும் கட்டுக்கட்டாகக் கொடுப்பாள். புருஷனுக்கு ஈரலில் கட்டி என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தபோது, என் சாறும் அதுவும் ஒத்துக்காது, மாத்திரையை நிறுத்து என்றான் தினகரன். நிறுத்தினார்கள். ரெண்டாம் மாசம் கொஞ்சம் தெம்பு வந்தது, அப்போது எடுத்த படம் அது. ஐந்தாம் மாசம் ஆள் இல்லை.

பேனரைக் கழற்றச் சொல்லப் போனாள்.

"மருந்துல கொறை இல்லம்மா. உன் வூட்டுக்காரன் பத்தியத்த மீறிட்டான். கறி துன்னானா இல்லியா?" என்றான் தினகரன், பெஞ்சில் இருந்த நோயாளிகளுக்கும் கேட்கிற மாதிரி.

கடைசி மாசம் கஞ்சியே இறங்காதவன். பெஞ்சில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். செத்தவன் மேலேயே பழி.

நேராகக் கல்லூரிக்குப் போனாள்.

"டீச்சரம்மா, உங்க ஆராய்ச்சின்னு போட்டுக்கினு கீறான். நெசமா?"

இந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். "தட்டுல வளர்த்த புற்று செல் மேல சாறை விட்டுப் பார்த்தோம். கொஞ்சம் செல் செத்துது. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்புல ஒரு கேடு நடக்கும்மா, அதைத் தடுக்கிற சத்து சாறுல இருக்கு. அவ்வளவுதான் எழுதினேன். எலிக்குக்கூட இன்னும் கொடுக்கல."

"அப்ப எலிக்கு முந்தி எம் புருசனா?"

இந்து மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்தாள். கலெக்டருக்கு மனு எழுதித் தருகிறேன் என்றாள்.

"எயுதுங்க. அது போற வரைக்கும் நான் சும்மா குந்திக்கினு இருக்க மாட்டேன்."

பேனர் அடித்த ஸ்ரீகாந்த் கடைக்குப் போனாள். "அதே போட்டோ. அதே அளவு. மேல கண்ணீர் அஞ்சலின்னு போடு. கீய வருத்தப்படுறவங்க படம் போடுவியே, அங்க தினகரன் கைகூப்பிக்கினு நிக்கிற படத்தப் போடு. மருந்து கொடுத்தவர்னு எயுது."

"பேஜாராயிடும்க்கா."

"ஆவட்டும். அவன் பக்கத்துல எம் பேரையும் போடு. மூலிகை பறித்தவர், கோவிந்தம்மாள்."

"உன் பேரு எதுக்குக்கா அங்க?"

"பறிச்சது இந்தக் கைதான? காச்சி ஊத்தினதும் இதுதான். போடு."

மறுநாள் காலையில் பழைய பேனருக்குப் பக்கத்திலேயே புதுசு தொங்கியது. ரெண்டிலும் ஒரே சிரிப்பு. ஒன்றில் வென்றவர், ஒன்றில் மறைவு. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் சாலையைக் கடந்து வந்து பார்த்தது.

தினகரன் கத்தியோடு ஓடி வந்து கயிற்றைப் பிடித்தான். கோவிந்தம்மாள் நகரவில்லை.

"அறுய்யா. காரியத்துக்கு இன்னும் மூணு நாள் கீது. பதினாறு முடியறதுக்குள்ள செத்தவன் பேனர அறுத்தவன்னு ஊரு பாக்கட்டும். எங்க ஆளுங்க மானாம்பதிலேர்ந்து வந்துக்கினு கீறாங்க."

அஞ்சலி பேனரில் கை வைத்துத் தலை உடைந்த கதைகள் அந்தச் சாலையிலேயே உண்டு. கத்தி இறங்கியது.

"இன்னாம்மா இது? உள்ள வா, பேசிக்கலாம்."

"இங்கியே பேசு. கறி துன்னான்னு சொன்னியே, சத்தமா இன்னொரு வாட்டி சொல்லு."

அவன் கடைப் படியேறப் பார்த்தான். அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்த வளர்மதி என்ற பெண், ரெண்டு பேனரையும் மாறி மாறிப் படித்தாள். "யோவ், வெள்ளிக்கெயமதான எங்க நைனாவோட ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்தச் சொன்னே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவரை ஆட்டோவில் ஏற்றினாள். பெஞ்சு ஒவ்வொருவராகக் காலியானது. மதியத்துக்குள் ஷட்டர் விழுந்தது.

கோவிந்தம்மாளுக்கு ஆறவில்லை. வாலாஜாபாத்திலும் தினகரனுக்கு ஒரு கடை இருந்தது. ஸ்ரீகாந்துக்குப் போன் போட்டாள்.

"இன்னொண்ணு அடி. இதவிடப் பெருசா."