ஏப்ரனில் ஒட்டிய பை

...இல்லை, எக்ஸ்ரே படம் விழும் கேசட்டில்தான் ஏதோ கீறல் இருக்க வேண்டும், கதிரைத் தடுக்க ஏப்ரனுக்குள் இருக்கும் ஈயம் இப்படியெல்லாம் வெடிக்காது, வெடித்திருந்தால் செஃபாகோர் சொல்லியிருப்பாளே, போன வாரம்கூட இதே வாசலில் நின்றுகொண்டு, "ரெண்டு ஏப்ரனும் பாஸுடி, நானே படம் எடுத்துப் பாத்துட்டேன், நீ அதுல கை வெக்காத" என்றாளே... டெலாலி வேறொரு கேசட்டை எடுத்து மேசையில் வைத்தாள், அதன்மேல் தன் ஏப்ரனைச் சுருக்கமில்லாமல் விரித்தாள், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் போய் நின்று பொத்தானை அழுத்தினாள். நாளைக்குத் தலைநகர் அக்ராவிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள், கணினியில் ஏப்ரன் படங்களைக் காணோம், மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அழிந்திருக்கும், பாவம் செஃபாகோர், பொறுப்பாளர் என்று பெயர்தான், வட்டார அலுவலகத்துக்கும் இந்த ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தே கால் தேய்கிறது, அவள் திரும்புவதற்குள் நாமே எடுத்து வைத்துவிட்டால் ஒரு வேலை மிச்சம் என்றுதான் ஆரம்பித்தாள். என்ன ஒரு நல்ல புத்தி டெலாலிக்கு, அதுவும் இன்றைக்குப் பார்த்து.

இரண்டாவது படமும் அதையே காட்டியது. ஈயம் முழுசாக இருந்தால் கதிர் தாண்டாது, படம் வெள்ளையாக வர வேண்டும். இங்கே இடுப்புக்குக் கீழே ஒரே கருப்புக் கோடுகள், வெயிலில் காய்ந்த சேறு மாதிரி வெடித்து வெடித்து... இதைப் போட்டுக்கொண்டு எத்தனை குழந்தைகளைப் பிடித்திருக்கிறாள், கை முறிந்ததும் நெஞ்சில் சளி கட்டியதும், ஒன்றாவது சும்மா படுக்குமா, மருண்டுபோன தாய்க்குப் பதிலாகத் தானே நின்று அமுக்கிப் பிடித்தால்தான் படம் அசையாமல் வரும். வயிற்றில் பிள்ளை இருந்த அந்த மூன்று மாதமும் பிடித்தாளே. மூன்றாம் மாத முடிவில் கலைந்தபோது டாக்டர், "கதிரால எல்லாம் இல்லம்மா, இப்படித் தானா கலையறது எத்தனையோ பேருக்கு நடக்குது" என்றார், அவளுக்கும் தெரியும், சிதறி வரும் கதிர் கொஞ்சத்திலும் கொஞ்சம், நோயாளிகளுக்குத் தினமும் அவளே ஒப்பிக்கிற பாடம்தானே அது. அது உண்மையாகவே இருக்கட்டும். இருந்தாலும் உள்ளே போவதா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டியது யார்? வயிறு யாருடையது? ஆனால் செஃபாகோருக்குத் தெரிந்திருக்காது, பார்க்காமலே பாஸ் என்று சொல்லியிருப்பாள், சோம்பேறிக் கழுதை, அவ்வளவுதான்... அவ்வளவுதானா?

அந்தச் சதுரம் என்ன? கோடுகளுக்கு நடுவில், சரியாக அடிவயிறு இருக்கும் இடத்தில், சுற்றியிருக்கும் வெள்ளையைவிட இன்னும் வெளுப்பாக ஒரு சதுரம், கோடுகள் அதன் ஓரம்வரை வந்து காணாமல் போகின்றன. டெலாலி ஏப்ரனைத் தொட்டுப் பார்த்தாள். பை. தோழி செலாசியின் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொண்டார்களே, அதில் மிஞ்சிய பூப்போட்ட துண்டில் செஃபாகோர் ஒட்டிக் கொடுத்த பை. "ஊசி குத்துனா ஈயத்துல ஓட்டை விழும்னு பசை வெச்சு ஒட்டினேன், குழந்தைங்களுக்கு மிட்டாய் வெச்சுக்கோடி" என்றாள், எல்லாரிடமும் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டாளே டெலாலி. இப்போது துணியின் இரண்டு மடிப்புக்கு நடுவில் விரலுக்குத் தடிமனாக ஏதோ நெருடுகிறது. காணாமல் போன ஈயக் கையுறை! "எலி தின்னிருக்கும்" என்று செஃபாகோர் சொல்ல எப்படிச் சிரித்தார்கள் அன்றைக்கு. ஆக, பார்த்திருக்கிறாள், வெடிப்பு எங்கே என்று அளந்து பார்த்து, கையுறையை வெட்டி, பூத்துணி போட்டு மூடியிருக்கிறாள்.

ஏன் என்பது புரியாமல் இல்லை. உள்ளதைச் சொன்னால் ஏப்ரனைத் தூக்கிப் போட வேண்டும், நிர்வாகியிடம் புதிது கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டாயிற்று, பாதி வேலை நிற்கும், உடைந்த காலோடு ஜனங்கள் ட்ரோட்ரோ வண்டியில் குலுங்கிக்கொண்டு ஹோ நகரம்வரை போக வேண்டும். எல்லாம் சரி, ஊருக்கு மறைக்கட்டும், என்னிடமுமா? ஒரே வகுப்பில் படித்து, ஒரே தட்டில் தின்று... ஒருவேளை பிறகு ஒட்டியிருப்பாளோ, கலைந்த பிறகு, பயந்துபோய்ப் படம் எடுத்துப் பார்த்து, சொல்ல வாய் வராமல்? அப்படியானால் மன்னித்துவிடலாம், கஷ்டம்தான், ஆனாலும் முடியும். எப்போது வந்தது இந்தப் பை, கலைவதற்கு முன்னாலா பின்னாலா? துணியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மிஞ்சிய துண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் பெட்டியில் கிடக்கும். பைக்குள் கைவிட்டாள். மிட்டாய்க் காகிதங்கள். மூலையில் கட்டையாக ஒன்று, நகத்தால் நெம்பி எடுத்து மோந்தாள். இஞ்சி. மசக்கையாக இருந்த அந்த வாரங்களில் காலையிலிருந்து குமட்டும், கடித்துக்கொள்ள இஞ்சித் துண்டு வைத்திருப்பாள், அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் இஞ்சியைத் தொட்டதே கிடையாது. கணவன் கோமியிடம்கூடச் சொல்லாமல் முதலில் செஃபாகோரிடம்தான் சொன்னாள். கேட்டுவிட்டு, கட்டிப்பிடித்துவிட்டு, போய்ப் பை ஒட்டியிருக்கிறாள்.

கதவு தட்டப்பட்டது. "டெலா! எவ்ளோ நேரம்டி செவப்பு லைட்ட எரிய விடுவ? உள்ள யாரு, யானைக்கா படம் எடுக்கற? சோளக்களி வாங்கிட்டு வந்திருக்கேன், வெண்டைக்காய்க் குழம்பு, நண்டு போட்டது, ஆறிப்போகுது, வா!" அதே குரல்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த வாரம் முழுக்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுத குரல், இழந்தவளைவிட அதிகமாக அழுகிறாளே என்று கோமியே மலைத்துப்போனான், டெலாலி தன் அழுகையை விட்டுவிட்டு அவள் தலையை மடியில் இழுத்துப் போட்டுத் தடவிக் கொடுத்தாளே, "அழாதடி, உன் மேல என்ன தப்பு?" என்றுகூடக் கேட்டாளே... அதற்கு செஃபாகோர் ஏதாவது சொன்னாளா? இஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு டெலாலி யோசித்துப் பார்த்தாள். சொன்னதாக நினைவில்லை.