கூட்டலையும் பிரித்தவள்

ஏழாவது கேள்வியைப் படித்த டீச்சர் அதையே இன்னொரு முறை படித்தாள். log x³(y+z), விரித்து எழுதுக, ஐந்து மதிப்பெண். தேர்வறையைக் கண்காணிக்க வேண்டியவர் வராததால், பாடம் எடுத்தவளையே பிடித்து நிறுத்தியிருந்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, மேற்பார்வையாளர் வாசலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

போன வியாழக்கிழமை இதே மாதிரிக் கணக்கைத்தான் பலகையில் போட்டாள். காய்ச்சல், கட்டிய தொண்டை, ஒரு மணி நேரத்தில் மூன்று பாடத்தை ஓட்டியாக வேண்டிய அவசரம். பெருக்கலை இரண்டு மடக்கைகளாகப் பிரித்தாள், அடுக்கை முன்னால் இறக்கினாள், அதுவரை சரி. போன வேகத்தில் அடைப்புக்குள் இருந்த கூட்டலையும் log y + log z என்று பிளந்து வைத்தாள். பெருக்கலைத்தான் பிரிக்கலாம், கூட்டலைப் பிரிக்கவே கூடாது; பிள்ளைகள் செய்தால் அவளே தலையில் அடித்துக்கொள்ளும் தப்பு. இந்த நிமிடம்தான் உறைத்தது. அன்றைக்கு முன்பெஞ்சுத் தையல்கார அக்கா மட்டும் கை தூக்கினாள்.

"நடுவுல கூட்டல் இருக்கே டீச்சர். அதையும் பிரிக்கலாமா?"

"பிரிக்கலாம்க்கா. எழுதிக்குங்க, நேரமில்ல."

அக்கா எழுதிக்கொண்டாள். பகலெல்லாம் மிஷின் மிதித்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவள். இதே தாளில் இருமுறை, மூன்று நான்கு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டவள். செவிலியர் பயிற்சிக்கான வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதிலும் போனால் அவ்வளவுதான்.

டீச்சர் வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். தாளுக்குத் தாள் அவள் பலகையில் எழுதிய அதே வரி. பாவி, என்ன காரியம் செய்து வைத்தேன். வாய்விட்டுச் சொல்லிவிடலாம், சொன்னால் அறையிலிருக்கும் அத்தனை தாளும் செல்லாமல் போகும்.

அக்காவின் மேசைக்கு வந்தாள். 3 log x + log (y+z). சரியாக எழுதியிருந்தாள். தனக்குத் தோன்றியதை நம்பி எழுதியிருந்தாள். டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஒருத்தியாவது கரையேறட்டும்.

நிழல் விழுந்ததில் அக்கா நிமிர்ந்தாள். டீச்சரின் கலங்கிய கண்களைப் பார்த்தாள், தன் விடையைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இல்லை என்று டீச்சர் தலையசைக்கப் போனாள். வாசலில் நாற்காலி கிரீச்சிட்டது.

"என்னம்மா அங்க?"

"ஒண்ணுமில்ல சார்."

கால்கள் தாமாக நகர்ந்தன. வரிசையின் கோடியில் திரும்பிப் பார்த்தபோது, அக்கா ஸ்கேலைப் பொருத்தி, கோடு வளையாமல் அந்த வரியை அடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் கீழே log y என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டாள்.