இடது அடுப்பில் பால்

மாஸ்டர் தானே ஒரு டீ போட்டுக் காட்டினால் சொந்த வீட்டுக்குப் போகலாம். முடியாவிட்டால் மகன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மருத்துவமனையில் விஷயத்தை இவ்வளவு பச்சையாகச் சொல்ல மாட்டார்கள். தலையைச் சாய்த்துக்கொண்டு, சுற்றி வளைத்துச் சொல்வார்கள். ஆனால் மகளுக்குப் புரிந்தது இதுதான், அது சரியாகவும் இருந்தது.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கவாதம் வந்து விழுந்தவரை இந்த வார்டில் பயிற்சி கொடுத்து எழுப்பி நிறுத்திவிட்டார்கள். கால் நடந்தது, கை பிடித்தது, வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இடது பக்கம் மட்டும் தொலைந்துபோனது. கண்ணில் கோளாறு இல்லை. அந்தப் பக்கம் ஒரு உலகம் இருப்பதையே மூளை மறந்துவிட்டது. தட்டில் வலது பாதியைக் காலி செய்துவிட்டு, "இவ்வளவுதான் போடுவாங்களா?" என்று சண்டைக்கு நிற்பார். வலது கன்னத்தை மழமழவென்று சவரம் செய்துவிட்டு இடது கன்னத்தில் காடு வளர்ப்பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள், பவர் ஏறிவிட்டது என்று நினைத்து முதலில் புதுக் கண்ணாடியே செய்து கொண்டுவந்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவர் அந்தப் பாதித் தட்டை இன்னும் தெளிவாகப் பார்த்தார்.

அண்ணன் ஒரே பிடியாக நின்றான். "காலையிலும் சாயங்காலமும் நீ எட்டிப் பாப்ப, சரி. நடுவுல? நீ கடையில நிப்ப, இவரு அடுப்பைத் திறந்துவிட்டு உக்காந்திருப்பாரு. என்கூட வரட்டும்." அவன் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சல். அவன் இருப்பது தூரத்து நகரத்தில், லிப்டில் ஏறிப் போகும் வீட்டில். அங்கே போனால் அப்பா சோபாவிலேயே உட்கார்ந்து தேய்ந்துபோவார். அப்பா வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. மகன் பேச்சை எடுத்தாலே தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாக அண்ணன் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை, வார்டின் கோடியில் இருந்த சின்னச் சமையலறையில் பரீட்சை. பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் வயதில் சின்னவள்தான். ஆனால் அவள் உள்ளே வந்தால் நோயாளிகள் தானாக முதுகை நிமிர்த்துவார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் என்றுதான் அவளுக்குப் பெயர்.

"பால் இடது அடுப்புல சூடாகிட்டு இருக்கு மாஸ்டர். நீங்க வலது அடுப்புல டீயைக் கொதிக்க வச்சு, பாலைச் சேர்த்து, மேஜைக்குக் கொண்டு வரணும். ரெண்டு அடுப்பையும் அணைக்கணும்." பிறகு மகளிடம் திரும்பினாள். "வீட்டுல பாத்துக்கப்போறவங்க நேர்ல பாக்கணும், அதான் உங்களைக் கூப்பிட்டேன். பேசக்கூடாது, ஜாடை காட்டக்கூடாது. பொங்குற மாதிரி இருந்தா நான் அணைச்சிடுவேன். நான் கை வச்சா முடியலன்னுதான் கணக்கு."

மகள் அப்பாவின் வலது பக்கமாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் ஜம்மென்று ஆரம்பித்தார். தண்ணீர் பிடித்தார், பற்றவைத்தார், தூளைப் போட்டார், சர்க்கரை போட்டார். டீ கொதித்ததும் அடுப்பைச் சரியாக அணைத்தார். மகளுக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் பாலைத் தேடினார். வலது பக்கத் திட்டில் தேடினார். வலது பக்க அலமாரியைத் திறந்து தேடினார். "பாலை எங்க வச்சாங்க இவங்க" என்று முணுமுணுத்தார். அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் பாலின் ஓரம் நுரைத்தது.

நுரை நடுவில் கூடி எழும்ப ஆரம்பித்தது. தெரபிஸ்டின் கை அடுப்புக் குமிழின் பக்கம் நகர்ந்தது. மகள் உதட்டைக் கடித்தாள், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். அங்கேதான் இருக்குப்பா, திரும்புங்கப்பா, ஒரு சாண் தூரம்தான்ப்பா என்று உள்ளுக்குள் கத்தினாள். பால் விளிம்புக்கு வந்தது.

மாஸ்டர் சட்டென்று நின்றார். கழுத்தை இடது பக்கமாக முழுக்கத் திருப்பினார். பாலைப் பார்த்தார். அணைத்தார்.

தெரபிஸ்ட் கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். "கடைசி நேரத்துல பிடிச்சிட்டீங்களே. நல்லா வந்திருக்கு, மாஸ்டர்." மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இல்லம்மா," என்றார் மாஸ்டர். "இது பெயில்."

"ஏன்? நீங்களாதான திரும்பினீங்க?"

"நானா திரும்பல. இவ பிரேக் போட்டா."

மகள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் தரையை நசுக்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு வண்டி சொல்லிக்கொடுத்தது அவர்தான். பக்கத்து சீட்டில் அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, யார் வண்டியில் ஏறினாலும் இவள் காலும் தரையை மிதிக்கும். அதற்கு அவர் அடிக்காத கிண்டல் இல்லை. "டாக்ஸிக்காரன் பிழைச்சான், என் பொண்ணு பிரேக் போட்டுட்டா" என்பார்.

"இவ கால் அப்படிப் போச்சுன்னா எதிர்ல ஏதோ வருதுன்னு அர்த்தம்," என்று விளக்கினார் மாஸ்டர். "என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. அப்ப எனக்குத் தெரியாத பக்கம்தான வரணும்? திரும்பினேன். பக்கத்து சீட்டுக்காரன் பிரேக் போட்டா ஓட்டுறவன் பெயில். நான் எத்தனை பேருக்கு இதைச் சொல்லி அழவச்சிருக்கேன்."

மகளுக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களை யாருப்பா கேட்டா? அவங்களே சரின்னுட்டாங்க. பேசாம இருந்திருந்தா நாளைக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம். மத்தியானம் உன் கால் எங்க இருக்கும்? கடையில. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் பரவினா, மேல் வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு." அவர் குரல் இறங்கியது. "எனக்கும் வீட்டுக்குப் போகணும்தாம்மா. அங்க அண்ணன் வீட்டுல எனக்கு முடியாது."

அவர் இதைச் சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. கோபம் போன இடம் தெரியவில்லை. பயம் மட்டும் இரட்டிப்பானது.

தெரபிஸ்ட் யோசித்தாள். "நாளைக்கு இன்னொரு தடவை செய்யலாம். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது. நீங்க வெளியே இருங்க."

சனிக்கிழமை மகள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள். பினாயில் வாடைக்குள் பால் தீயும் வாடை வருகிறதா என்று மூக்கை விடைத்து மோந்து பார்த்தாள். கால் தானாகத் தரையை மிதித்தது. தன்மேலேயே எரிச்சல் வந்து இரண்டு காலையும் பெஞ்சின்மேல் தூக்கிவைத்துக் கட்டிக்கொண்டாள். போகிற நர்ஸ் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். போன் அடித்தது, அண்ணன். எடுக்கவில்லை.

உள்ளே பாத்திரம் உருண்டது. பிறகு அவருடைய பழைய குரல் கேட்டது, புதுசாக ஓட்டுகிறவனைக் கதறவைக்கும் அந்தக் குரல்.

"கழுத்தைத் திருப்பு. இன்னும் திருப்பு. தாடை தோளைத் தொடணும். அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லன்னு நெனைக்காத, உனக்குத் தெரியல, அவ்வளவுதான்."

தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். குமிழ் திருகும் சத்தம் கேட்டது. பற்றவைத்ததா, அணைத்ததா என்று தெரியவில்லை. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

கதவு திறந்தது. டீக் கோப்பையோடு மாஸ்டர் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் தெரபிஸ்ட், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றாள். அவர் நேரே பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். வராந்தா காலி. அப்போதுதான் மகளுக்கு உறைத்தது, பெஞ்சு கிடந்தது கதவுக்கு இடது பக்கம். 'அப்பா' என்று வாய் வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள். தூக்கிவைத்த கால்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

முகம் சுருங்கியது. பிறகு அவருடைய கழுத்து மெல்லத் திரும்பியது, இன்னும் திரும்பியது, தாடை தோளைத் தொட்டது.

"அங்க என்ன குரங்கு மாதிரி உக்காந்திருக்க," என்றார் மாஸ்டர். "காலைக் கீழ வை. டீ ஆறுது."

போன் திரும்ப அடித்தது. மகள் தெரபிஸ்டைப் பார்த்தாள். சரி என்று தெரபிஸ்ட் தலையை ஆட்டினாள். ஒரு கையில் கோப்பையை வாங்கிக்கொண்டு இன்னொரு கையால் போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணா," என்றாள். "காரை எடுக்காத."