லோரியின் நாக்கு

நாறும்பூநாத பிள்ளை பினாங்கிலிருந்து வரவழைத்த சிவப்புக் கிளிக்கு லோரி என்று பெயர். நெல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தேனில் வெந்நீர் விட்டுக் கரைத்துக் கொடுக்க வேண்டும், கனிந்த மலைவாழைப்பழம் வேண்டும். தின்றதைத் தண்ணியாகப் பீச்சிச் சுவரை நாறடிக்கும். தென்காசியில் பாதிப் பேருக்குக் கஞ்சிக்கே வழியில்லாத வருஷத்தில் அதற்கு அப்படியொரு ராஜோபசாரம்.

உபசாரம் செய்தவள் அவர் மனைவி அகிலாண்டேஸ்வரி. கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. சாரல் தொடங்கியதும் குற்றாலத்து பங்களாவில் அவளையும் கூண்டையும் கொண்டுபோய் இறக்கிய கையோடு பிள்ளை சொல்லிவிட்டார்.

"ஏட்டி மலடி, ஆடி முடியதுக்குள்ள இது பேசணும். இல்லன்னா வீரகேரளம்புதூருக்கு வண்டி கட்டிருவேன். ஒங்க அண்ணன் வீட்டுலயே கெட."

அண்ணி ராஜ்யம் நடக்கும் வீடு அது. அதற்கு அருவியில் விழுவது மேல் என்று அவளுக்கு இருந்தது.

கிளி அவளிடம் ஒட்டிக்கொண்டது. தோளில் ஏறிக் காதை நக்கும். பேச்சுதான் வரவில்லை. சாரல் ஈரத்தில் மதியத்துக்குள் புளித்துப்போன தேன்தண்ணியை ஒருநாள் குடித்துவிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கிவிட்டது. பதறிப்போய் மருத்துவச்சி பேச்சித்தாயைக் கூப்பிட்டாள். அவள் கிளியின் அலகைப் பிளந்து பார்த்தாள்.

"நாக்கு முனையெல்லாம் மயிரு மொளச்சிருக்கு தாயி. மாவு வேற படிஞ்சிருக்கு. பொறவு எப்படிப் பேசும்? பச்சப்புள்ளைக்குச் செய்யுத மாதிரி வசம்பச் சுட்டுத் தேய்ச்சு வழிச்சு விடுங்க."

பூவில் தேனெடுக்கத்தான் கடவுள் அந்த மயிரை வைத்திருக்கிறார் என்று இருவருக்கும் தெரியாது. அகிலாண்டேஸ்வரி கிளியை மடியில் கிடத்தி, "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு" என்று கொஞ்சிக்கொண்டே அழுத்தித் தேய்த்தாள். துணியில் ரத்தத்தோடு மயிரும் வந்தது. பீடை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டாள்.

அதன்பிறகு கிளி கிண்ணத்துக்குள் நாக்கை விடும், எடுக்கும், ஒன்றும் ஒட்டாது. திரியைத் தேன்தண்ணியில் நனைத்துச் சொட்டுவிட்டாள், புரையேறியது. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளியன்று பிள்ளை, அருவியில் குளிக்க வந்த சிநேகிதர்களோடு வந்து கூண்டைத் தட்டினார். கிளி தலையைத் தூக்கி, அவர் எப்போதும் அவளைக் கூப்பிடும் குரலிலேயே, "ஏட்டி மலடி" என்றது.

"பேசிட்டு, பாத்தியளா!" என்று பிள்ளை குதித்தார். சிநேகிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிளி இன்னொரு முறை சொன்னது. அப்படியே சரிந்து விழுந்து செத்துப்போனது.

அகிலாண்டேஸ்வரி அதைக் கையில் எடுத்தாள். அண்ணி மேல் இருந்த பயமெல்லாம் விட்டுப்போயிருந்தது. அங்கே இருந்த அத்தனை பேரையும் வெறுத்தாள்.

"நாந்தான் நாக்க வழிச்சேன். நாந்தான் கொன்னேன். வண்டியக் கட்டச் சொல்லுங்க, நான் போயிருதேன்."

பிள்ளையின் முகம் மலர்ந்தது.

"வழிச்சியா? அதாம்லா பேசிருக்கு!" என்று சிநேகிதர்கள் பக்கம் திரும்பினார். "நாளைக்கே பினாங்குக்கு எழுதுதேன், ரெண்டு ஜோடி வரட்டும். நீ எங்கட்டி போற? அதுகளுக்கும் நீதான் வழிச்சு விடணும்."