தொலைநோக்கியின் வாயை மறைத்த கை

"கண்ணைக் கொழாயில வெச்சிக்கினு எம்பொண்ணு துணி காயப்போடுறத பாக்குறான், இதுல நட்சத்திர ஆராய்ச்சியாம்! எறங்கி வரச் சொல்லு உன் புள்ளய!"

"வாய அளந்து பேசு சுலோ! எம்புள்ள நெலாவ பாக்குறான். உங்க மாடியிலயா நெலா மொளச்சிருக்கு?"

ஈயத்தகடென ஒளிமங்கிக் கிடந்த கீழைக்கடலின் மேல் வளர்பிறை வெளிறி எழ, மேற்கே சாய்ந்த கதிரவன் குருசுக்குப்பத்து மாடிகளுக்கெல்லாம் செம்பொன் பூசி, தெருமுனையில் அலைதடுக்கக் கொட்டிய கருங்கற்குவியலை நனைந்த யானைக்கூட்டம் போல் மின்னச்செய்து நின்ற அம்மாலைப்பொழுதில், இவ்விரு குரல்களும் எழுந்த விரைவில், அரிசி களைந்தோர் அரிசியை விட்டும், செபமாலை உருட்டியோர் பாதி மணியில் நிறுத்தியும், தத்தம் வாயில்களை வந்தடைந்தனர். நற்பண்பு மிக்க படிப்பாளரே, பிறர் சண்டைக்குச் செவிகொடுத்தல் தகாதென்பதை நாமும் அறிவோம். அறிந்தமையாலேயே, ஒரு சொல்லையும் தவறாகக் கேட்டுவிடலாகாதென்று சற்று அருகிற் சென்று நின்றோம்.

சுலோசனாவின் சினத்துக்கு அடியில் இருந்தது அச்சம். வருகின்ற ஞாயிறன்று அரியாங்குப்பத்திலிருந்து அவள் மகள் அபியைப் பெண்பார்க்க வருகிறார்கள். எதிர்வீட்டு ரோசாவின் மகன் கிளாட்வினோ நாள்தோறும் அந்திவேளையில், பருத்த வெண்குழாய் ஒன்றின் பக்கவாட்டில் கண்ணைப் பதித்து, சுலோசனாவின் மாடியை நேர்நோக்கி நிற்கிறான். பார்த்தவர் இருவர் பேசினால் போதும். சேதி ஆற்றுப்பாலத்தைக் கடந்து மாப்பிள்ளை வீட்டின் வாயிற்படியில் போய் உட்கார்ந்துவிடும். இத்தெருவின் நாவன்மையை அவள் அறிவாள். அவளுக்கும் அதில் உரிய பங்குண்டு.

அக்குழாயைக் கிளாட்வின் தன் கையாற் செய்தான். திங்கள் பலவாக அவன் வீட்டிலிருந்து கறகறவென்று எழுந்த அரைப்போசையை, ரோசா ஏதோ மாவுக்கடை தொடங்குகிறாள் என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டோம். அவன் அரைத்ததோ வட்டக்கண்ணாடி. கண்ணாடியின் மேல் கண்ணாடியை வைத்து, இடையே மணற்பொடியும் நீரும் இட்டுத் தேய்த்துத் தேய்த்து, ஆழமற்ற தட்டுப்போல் குழியச்செய்து, வெள்ளிபோல் மின்னும் பூச்சிட்ட ஆடி.

"ஆண்டி, நான் எந்தப் பக்கம் நிக்கிறேன்னு பாக்காதீங்க. கொழாயோட வாய் எந்தப் பக்கம் இருக்குன்னு மேல வந்து பாருங்க" என்றான் அவன், மாடிச்சுவருக்கு மேல் தலைநீட்டி.

சுலோசனா ஏறினாள். ரோசாவும் ஏறினாள். மாடிப்படியின் கடைசிப் படிவரை நாமும் ஏறினோம், அவ்வளவே.

குழாயின் திறந்த வாய் கிழக்கே நிலவை நோக்கியிருந்தது. அவ்வாய்வழி நுழையும் ஒளி அடியிலுள்ள குழியாடியில் விழுந்து, ஒருங்கு குவிந்து மீண்டும் மேலேறி வர, வாயருகே சாய்த்துவைத்த சிற்றாடியொன்று அதனை மறித்துப் பக்கவாட்டுக்குத் திருப்ப, அங்கே பொருத்திய கண்வில்லை அப்படிமத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆகவே, தெற்கே சுலோசனாவின் மாடியை நோக்கி நிற்பவன் காண்பது கிழக்கை. ஒருவன் முகத்தைக்கொண்டே அவன் பார்வையை அளந்துபழகிய நம் தெருவுக்கு இது புதுப்பாடம்.

"இதெல்லாம் எனக்கு வாணாம். எங்க ஊட்டுப் பக்கம் திருப்பு. இன்னா தெரியுதுன்னு நானே பாக்குறேன்."

திருப்பினான். குனிந்தவள் நிமிர்ந்தாள். "இன்னாடா இது, கஞ்சி கொட்டினாப்ல இருக்கு?"

"அதான் ஆண்டி. கிட்ட இருக்கிறதோட உருவம் கண்வில்லைக்கு எட்டாம வெளியே தள்ளிப் போயி விழும். இத எவ்ளோ இழுத்தாலும் அவ்ளோ தூரம் வராது. தூரத்துல இருக்கிறதுதான் இதுக்குத் தெளிவாத் தெரியும்."

சுலோசனாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டது. அவ்வளவில் அவள் இறங்கியிருக்கலாம். ஆனால், பழி நீங்கிய களிப்பில் பேதைப்பிள்ளை தன் கைவண்ணத்தை மேலும் காட்ட விழைந்து, தெருமுனைக் கருங்கற்கள்மேல் குழாயைத் திருப்பி, "இப்போ பாருங்க" என்றான்.

"எல்லாந் தலகீழா தொங்குதேடா!"

"அது அப்பிடித்தான் காட்டும். நெலாவுக்கு மேலென்ன, கீழென்ன?"

மேலே கடல், கீழே வானம். கடலுக்கும் மேலே வௌவால்போல் தொங்கிய கற்களில், இருவர் தொங்கினர். எவர் வீட்டுப் பிள்ளைகளோ என்று ஏளனமாய் முறுவலித்த சுலோசனாவின் இதழ்கள், அந்தக் கடுகுநிறத் துப்பட்டாவைக் கண்டதும் அப்படியே நின்றன. தையற்கடைக்கு இரவிக்கை வாங்கச் சென்ற அபி! அருகில் கலைவாணன், கதிர்காமத்து மருத்துவமனையில் பணிபுரிபவன், சுலோசனாவின் கணவன் கன்னியப்பனுக்குச் சர்க்கரை பார்க்க வீடுதேடி வந்து குருதி எடுத்துச்சென்றவன்.

"நவுரு, நானும் பாக்குறேன்" என்றாள் ரோசா.

மறுக்கவும் வழியில்லை, குழாயைத் தட்டிவிட்டால் ஐயம் எழும். வில்லையை விட்டு விலகிய சுலோசனா, தடுமாறியவள்போல் குழாயின் வாயைப் பற்றி, விரித்த உள்ளங்கையால் அதிற் பாதியை மறைத்து நின்றாள். பாதி வாயை மூடினால் பாதிக் காட்சி மறையும், மறைவது தன் மகளாகட்டும் என்பது அந்தத் தாயின் கணக்கு. குழியாடியின் வழக்கமோ வேறு: அதன் ஒவ்வொரு துண்டும் முழுப்படிமத்தையும் தானே வரையவல்லது. மறைத்த கை மங்கச்செய்யுமேயன்றி மறைக்காது. ஈரக்கற்களின் கூசும் ஒளி அடங்கியதால் ரோசாவுக்கு எல்லாம் முன்னினும் இதமாய்த் தெரிந்தது.

அவள் நெடுநேரம் குனிந்திருந்தாள். சற்றுமுன் தன் மகனைத் தெருவறியத் தூற்றியவளின் மானம் முழுதும் இப்போது அவள் கண்ணுக்குள் இருந்தது.

"இன்னாக்கா தெரியுது?" என்று கீழிருந்து தெரு வினவியது.

"கடலு" என்றாள் ரோசா. குழாயை வான்நோக்கி நிமிர்த்தினாள். "வேற இன்னாத்த தெரியும்?"

அதன்பின் சுலோசனாவுக்கு உறக்கமில்லை. மீன்காரியிடம் எவளேனும் சிரித்தால் தன்னைக் குறித்தோ என்று அஞ்சினாள். இருவர் தாழ்ந்த குரலில் பேசினால் சாளரத்தருகே போய்ச் செவிசாய்த்தாள். மகளை வினவ நாவெழவில்லை, வினவினால் உண்மையாகிவிடுமே! சனிக்கிழமை மாலை பூசைக்குப் புறப்பட்ட ரோசாவை வழிமறித்து, "ஏன்க்கா யாருக்கும் சொல்லல?" என்றாள்.

"சொன்னா எனக்கு மெடலா குத்தப் போறாங்க? அந்தப் பொண்ணு அழுதுக்கினு இருந்துச்சே சுலோ. நீ பாக்கலியா?"

"நா பையனத்தான் பாத்தேன்."

"அப்ப ஊட்டுக்குப் போயி பொண்ண பாரு."

அன்றிரவு சுலோசனாவின் வீட்டில் தாயும் மகளும் விளக்கணைக்காமல் பேசிக்கொண்டிருந்தனர். ஞாயிறன்று அரியாங்குப்பத்தார் வரவில்லை. வரவேண்டாமென்று கன்னியப்பன் பணிவோடு சொல்லியனுப்பினான். காரணம் வினவிய எமக்கு, சாதகம் பொருந்தவில்லை என்றாள் சுலோசனா. நாமும் நம்பியதாய்த் தலையசைத்தோம்.

தைத்திங்களில் அபி கலைவாணனை மணந்து கதிர்காமத்தில் குடியேறினாள். அரியாங்குப்பத்து மாப்பிள்ளை பிள்ளைச்சாவடிப் பெண்ணை மணந்து, முன்னினும் பருத்து, நலமாயிருக்கிறான். பாட்டன் வழியே பிரான்சு நாட்டுக் குடியுரிமை பெற்ற கிளாட்வின் அங்கே பணியேற்று, அடுத்த ஆண்டே தாயையும் அழைத்துக்கொண்டான். ரோசாவின் வீட்டில் இப்பொழுது எவரோடும் பேசாத ஓர் இணையர் வாடகைக்கு இருக்கின்றனர். அந்திதோறும் வாயிலுக்கு வரும் சுலோசனா, குரலுயர்த்த ஆளில்லாத அத்தெருவைச் சற்றுநேரம் பார்த்து நின்று, விளக்கேற்ற உள்ளே செல்கிறாள்.